இறங்குகிறவருக்கான படி: கடலோர ஊர்களில் மாடிப்படியும் தப்பும் வழியும்

வீடு கட்டி முடித்ததும் மாடிப்படியை எல்லோரும் ஏறித்தான் பார்க்கிறார்கள். மூச்சு வாங்கவில்லை என்றால் "நல்லா வந்திருக்கு" என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் படியில் விழுகிறவர் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார். ஏறும்போது அடுத்த படி கண்ணெதிரே இருக்கிறது. தடுக்கினாலும் கையூன்றி முன்படியில் சாய்ந்துவிடலாம். இறங்கும்போது படியின் விளிம்பை நம் காலே மறைத்துக்கொள்கிறது, பாதத்தின் முன்பகுதி வெளியே தொங்குகிறது, தவறினால் உடம்பு முழுவதும் கீழே போகிறது. தீப்பிடித்தாலும் எல்லோரும் ஓடுவது கீழ்நோக்கித்தான். அதுவும் இருட்டில், புகையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. படிக்கட்டு விதிகளில் உள்ள ஒவ்வொரு அளவையும் இந்த இறங்குகிற ஆளை மனதில் வைத்துப் படித்தால் காரணம் தானாக விளங்கும்.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதலில் வந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி முழுக்கத் தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. அந்தத் தொகுப்பு தன்னளவில் வழிகாட்டிதான். மாநிலம் தன் விதிகளில் எடுத்துக்கொள்ளும்போதுதான் கட்டாயமாகிறது. நமக்கு அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. இந்த விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தை அடுக்குமாடி உயரக் கட்டடமாகப் பார்க்கின்றன. இராமநாதபுரம் கரையோரத்தில் அவ்வளவு உயரம் அபூர்வம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் கிராமப்புற மனைகளில் வீட்டுக்கு 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற வரம்பு வேறு இருக்கிறது. ஆக, நாம் பேசுவது ஒரு மாடி, இரண்டு மாடி, மிஞ்சினால் நான்கு மாடிக் கட்டடங்களைப் பற்றி.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ உள்ள வீடு கட்டினால் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். நல்ல வசதி. ஆனால் கட்டும் முன் யாரும் வந்து அளந்து பார்க்கப் போவதில்லை. படி தவறாக வந்தால் அந்தப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது.

ஒரு வீட்டுப் படியின் கணக்கு

கால் வைக்கும் அகலத்தைத் தளத்தில் ட்ரெட் என்பார்கள், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரத்தை ரைசர் என்பார்கள். இங்கே மிதி, ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் உட்படிக்கு மிதி குறைந்தது 250 மில்லிமீட்டர், ஏற்றம் அதிகபட்சம் 190 மில்லிமீட்டர், படியின் அகலம் குறைந்தது 1 மீட்டர். மற்ற கட்டடங்களுக்கு மிதி 300, ஏற்றம் 150. லேண்டிங், அதாவது நடுவில் நின்று திரும்பும் சமதளம், இல்லாமல் ஒரே மூச்சில் 12 ஏற்றங்களுக்கு மேல் போகக் கூடாது. விழுந்தாலும் பன்னிரண்டோடு நிற்கட்டும் என்பதுதான் கணக்கு.

இந்தப் பக்கத்தில் வழக்கமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தின் முடிந்த தரையிலிருந்து மேல்தளத்தின் முடிந்த தரை வரை 10 அடி 6 இன்ச், அதாவது 126 இன்ச். ஏற்றம் 7 இன்ச் என்றால் 18 ஏற்றங்கள். நடுவில் ஒரு லேண்டிங் வைத்து ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கலாம். ஒன்பது ஏற்றத்துக்கு மிதி எட்டுதான் வரும், ஏனென்றால் ஒன்பதாவது மிதி லேண்டிங்கே. மிதி 10 இன்ச் என்றால் 80 இன்ச், அதாவது 6 அடி 8 இன்ச் நீளம். அதோடு லேண்டிங் 3 அடி 4 இன்ச் சேர்ந்தால் மொத்தம் 10 அடி. பக்கவாட்டில் 3 அடி 4 இன்ச் வீதம் இரண்டு படிவரிசை, நடுவில் 4 இன்ச் இடைவெளி, மொத்தம் 7 அடி. ஆகப் பத்துக்கு ஏழு, பூச்சு போக உள்ளளவு. மேலே போய் நிற்கும் இடம் இதில் சேராது. வரைபடத்தில் பத்துக்கு ஆறு என்று படிக்கட்டு அறை போட்டிருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அகலத்தில், சில நேரம் திருப்பத்தில் லேண்டிங்கை எடுத்துவிட்டு முக்கோணப் படி வைத்து. முக்கோணப் படியின் உள்மூலையில் பாதம் வைக்க இடமே கிடையாது. இறங்கும்போது ஆள் இயல்பாகச் சாய்வதோ அந்த உள்மூலைப் பக்கம்தான்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஏற்றத்தை இரண்டால் பெருக்கி மிதியைக் கூட்டினால் 24 இன்ச் அக்கம்பக்கம் வர வேண்டும். மேலே உள்ள கணக்கில் 7+7+10, சரியாக 24. இது சராசரி ஆளின் ஒரு எட்டு. 8 இன்ச் ஏற்றமும் 9 இன்ச் மிதியும் வைத்தால் கூட்டுத்தொகை 25தான் வரும், சூத்திரத்துக்குப் பொருந்தியதுபோலத் தெரியும். ஆனால் இரண்டு அளவுமே விதிக்கு வெளியே. சூத்திரம் விதிக்கு மாற்று ஆகாது.

படி எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும், "லாபம், நஷ்டம், லாபம்" என்று எண்ணி லாபத்தில் முடிய வேண்டும் என்று நம் ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்கும் கணக்கில் இடம் இருக்கிறது. 126 இன்ச்சை 17ஆல் வகுத்தால் 7.4 இன்ச், சுமார் 188 மில்லிமீட்டர்; விதிக்குள் மயிரிழையில் நிற்கும். 19ஆல் வகுத்தால் 6.6 இன்ச், இன்னும் சுகமான படி. எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்து உயரத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒற்றைப்படைக்காக வாசலில் மூன்று இன்ச்சில் ஒரு குட்டிப்படியைச் சேர்ப்பதுதான் ஆபத்து. அந்தப் படியில்தான் விருந்தாளி விழுவார்.

காரணம் எளிது. நாலைந்து படி இறங்கியதும் கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. அதன் பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு படி மட்டும் அரை இன்ச் கூடினாலோ குறைந்தாலோ கால் ஏமாறும். எல்லாப் படியும் 7 இன்ச்சுக்குப் பதிலாக 7.4 ஆக இருந்தால்கூட யாரும் விழமாட்டார்கள். ஒன்று மட்டும் மாறினால்தான் வினை.

அந்த ஒன்று எங்கே மாறுகிறது? கிட்டத்தட்ட எப்போதும் முதல் படியிலும் கடைசிப் படியிலும். படிக்குச் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு, அடிக்கும்போது கொத்தனார் கான்கிரீட் மட்டத்தை வைத்து அளக்கிறார். பிறகு கீழ்த்தளத்தில் ஜல்லி, கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை 3 இன்ச் உயர்கிறது. படிகளின் மேலோ கிரானைட்டும் கலவையும் சேர்ந்து ஒன்றரை இன்ச்தான். முடிவில் முதல் படி மற்றவற்றைவிட ஒன்றரை இன்ச் குட்டையாகிவிடுகிறது. மேல்தளத்தில் இதற்கு நேர்மாறு, கடைசி ஏற்றம் ஒன்றரை இன்ச் கூடிவிடும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. தரை என்ன கல், கலவையோடு எத்தனை இன்ச், படி என்ன கல், எத்தனை இன்ச் என்று சென்ட்ரிங்குக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு தளத்தின் முடிந்த தரை மட்டத்தையும் லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்துச் சுவரில் கோடு போட வேண்டும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தைச் சமமாகப் பிரித்து ஒரு நீள ரீப்பரில் (மரச்சட்டத்தில்) குறித்து, அதைச் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொரு படியின் முடிந்த மட்டத்தையும் சுவரிலேயே வரைந்துவிட வேண்டும். கான்கிரீட் மட்டம் அந்தக் கோட்டிலிருந்து கல்லின் கனம் அளவு கீழே வரும். அரை நாள் வேலை. கட்டி முடித்த படியை உடைத்துத் திருத்துவதோ ஒரு வார வேலை, அதோடு சண்டை வேறு.

கைப்பிடி, தலை, பாதம்

கைப்பிடியின் உயரம் மிதியின் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை 1 மீட்டர். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் 100 வைப்பது நல்லது, 150இல் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும். இப்போது எங்கும் வைக்கிற குறுக்குக் குழாய் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி பார்க்க அழகு. பிள்ளைகளுக்கு அது ஏணி. நெட்டுக் கம்பியே வையுங்கள்.

லேண்டிங்குக்குக் கீழே நடக்கும் வழியில் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம் வேண்டும். படிக்குக் கீழே கழிவறை வைத்துக் குனிந்து போவது வேறு விஷயம். வெளியேறும் பாதையே அப்படி இருக்கக் கூடாது.

வழுக்கல் இராமேசுவரத்துக்கே உரிய தொல்லை. அக்னி தீர்த்தத்தில் குளித்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடும் ஈரக் காலோடும் அறைக்குத் திரும்புகிற யாத்திரிகர் ஏறுவது பளபளவென்று மெருகேற்றிய கிரானைட் படியில். காலில் ஒட்டிய கடல் மணலும் சேர்ந்தால் அது சறுக்குமரம். படிக்கு மெருகு வேண்டாம். ஃப்ளேம்டு அல்லது லெதர் ஃபினிஷ் என்கிற சொரசொரப்பான கிரானைட் கேளுங்கள். ஏற்கெனவே மெருகுக் கல் போட்டாயிற்று என்றால் விளிம்பிலிருந்து ஒரு இன்ச் உள்ளே மூன்று கோடாகக் காடி வெட்டச் சொல்லலாம். கூடவே விளிம்பு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் முதியவருக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியும். எல்லாம் ஒரே கறுப்புக் கல்லாக இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது படிக்கட்டு ஒரு சாய்தளம் போலத்தான் தெரிகிறது.

வீடு லாட்ஜ் ஆகும்போது

கரையோரத்தில் அடிக்கடி நடப்பது இது. வீடாகக் கட்டிய கட்டடம் யாத்திரிகர் தங்கும் விடுதியாகிறது, அல்லது கீழே கடை, மேலே விசேஷ ஹால் என்று மாறுகிறது. சுவருக்குப் புது வண்ணம் அடித்து ஏ.சி. மாட்டுகிறார்கள். படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

விதியோ மாறிவிடுகிறது. ஓட்டல், விடுதி வகைக்குப் படியின் அகலம் 1.5 மீட்டர். பள்ளிக்கும் 1.5. மருத்துவமனைக்கும் பெரிய கூட்டம் கூடும் மண்டபத்துக்கும் 2 மீட்டர். அதே 10 அடி 6 இன்ச் உயரத்தை மில்லிமீட்டரில் 3,200 என்று வைத்து 150 ஏற்றத்துக்குப் பிரித்தால் 22 ஏற்றங்கள், ஒவ்வொன்றும் 145 சொச்சம். பதினொன்று பதினொன்றாகப் பிரித்தால் ஒரு பக்கம் மிதி பத்து, 300 வீதம் 3 மீட்டர்; லேண்டிங் 1.5, நீளம் மொத்தம் 4.5 மீட்டர். அகலம் இரண்டு 1.5, நடுவில் கொஞ்சம், 3.1 மீட்டர். கிட்டத்தட்ட 150 சதுர அடி. வீட்டுப் படிக்கு 70 சதுர அடியே போதுமானதாக இருந்தது. இரு மடங்குக்கும் மேல். அதனால்தான் பழைய வீட்டுக்குள் விதிப்படியான படி நுழைய மறுக்கிறது. நேர்மையான வழி, கட்டடத்தின் வெளிப்பக்கம் இரண்டாவதாக ஒரு படி கட்டுவது.

மண்டபத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எத்தனை பேர் கூடுவார்களோ அந்த எண்ணிக்கையைத் தலைக்கு 10 மில்லிமீட்டரால் பெருக்க வேண்டும். அதுதான் படிகளின் மொத்த அகலம். மாடி ஹாலில் 500 பேர் பந்தியில் உட்கார்ந்தால் 5 மீட்டர். 2.5 மீட்டரில் இரண்டு படி வைக்கலாம், 2 மீட்டரில் மூன்று வைக்கலாம். சமதளக் கதவுக்கும் நடைபாதைக்கும் தலைக்கு 6.5 மில்லிமீட்டர் போதும். சமதளத்தில் கூட்டம் வேகமாக நகரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒற்றைப் படியோடு மாடியில் கல்யாணம் நடத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிந்துவிடும். 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த எந்தக் கட்டடத்துக்கும், ஒரு தளம் 500 சதுர மீட்டரைத் தாண்டும் பள்ளி, மண்டபம், மருத்துவமனை வகைக் கட்டடத்துக்கும் குறைந்தது இரண்டு படிக்கட்டு என்பது விதி. அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பயனில்லை. ஒரே புகை இரண்டையும் அடைத்துவிடும்.

தப்பும் வழி என்றால் எது வரை?

படியோடு அது முடிவதில்லை. நாம் நிற்கிற அறையிலிருந்து நடைபாதை, படிக்கட்டு, கீழ்க்கதவு, அதைத் தாண்டித் தெருவோ திறந்த வெளியோ வரை உள்ள முழுச் சங்கிலிக்கும் பெயர்தான் தப்பும் வழி. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண். வீடு, விடுதி வகைக்கு எந்த இடத்தில் நின்றாலும் 30 மீட்டர் நடைக்குள் வெளியேறும் படி இருக்க வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் நேர்கோட்டில் அல்ல, கால் நடக்கும் தூரத்தில். ஒரு முனை மூடிய முட்டுச்சந்து நடைபாதை பள்ளியிலும் மண்டபத்திலும் மருத்துவமனையிலும் 6 மீட்டருக்கு மேல் கூடாது, மற்றவற்றில் 15 மீட்டர். புகையில் வழி தவறியவர் முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பி வர நேரம் இருக்காது.

வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். மண்டபம் போன்ற இடத்தில் அகலமும் 2 மீட்டர். கூட்டம் போகும் திசையில் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவை முன்னால் நெருக்குகிற கூட்டமே மூடிவிடும். கதவைத் திறந்ததும் நேரே படியில் கால் வைக்கும்படி இருக்கக் கூடாது, நடுவில் கதவின் அகலத்துக்காவது ஒரு லேண்டிங் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உள்ளே இருக்கிறவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும்.

இந்தக் கடைசி வரிக்கு இந்தக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்கள் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அங்கே ஏற மாடியும் இல்லை, இறங்கப் படியும் இல்லை. தரையில் இருந்த கொட்டகையிலிருந்தே வெளியேற முடியவில்லை. 2004இல் திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் மாடிப் பந்தலில் பிடித்த தீயில் மணமகன் உட்படப் பலர் இறந்ததும், அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்ததும் தமிழ்நாடு மறக்காதவை. மூன்றிலும் கீற்று இருந்தது. மூன்றிலும் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது அல்லது போதவில்லை. மொட்டைமாடியில் கீற்றுப் பந்தல் போட்டு அதிலேயே சமைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. பனையோலையும் தென்னங்கீற்றும் சுலபமாகக் கிடைக்கிற இடம் இது. சமையல் தரையில் இருக்கட்டும், பந்தல் தகரமாக இருக்கட்டும். இரண்டில் ஒன்றாவது.

பூட்டு விஷயத்தில் வீடுகளும் விடுதிகளுக்குச் சளைத்தவை அல்ல. திருட்டுப் பயத்தில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி, பால்கனிக்குக் கிரில், படிக்கட்டு அடியில் கொலாப்சிபிள் கேட், அதற்குப் பூட்டு, சாவி அப்பாவின் தலையணைக்கு அடியில். ஆண்கள் கடலுக்கோ வளைகுடாவுக்கோ போயிருக்கும் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் இந்தக் கூட்டுக்குள் தூங்குகிறார்கள். கீழக்கரை போன்ற ஊர்களின் ஒடுங்கிய சந்துகளில் தீயணைப்பு வண்டி வாசல் வரை வந்துசேரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. மேல்தளத்தில் ஒரு படுக்கையறை ஜன்னலிலாவது கிரிலின் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்து, உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடச் சொல்லுங்கள். வெளியே கை விட்டுத் திறக்க முடியாதபடி தாழ்ப்பாளுக்கு ஒரு தகடு வைத்துவிட்டால் திருட்டுப் பயமும் இல்லை. கேட்டுக்குப் பூட்டுக்குப் பதிலாக உள்ளே குமிழ் திருகித் திறக்கும் ரிம் லாக் போதும்.

படிக்கு அடியில் என்ன இருக்கிறது?

படிக்கட்டு ஒரு புகைக்கூண்டு. கீழே ஒரு குப்பைக்கூடை எரிந்தாலும் புகை முதலில் தேடிப் போவது அந்தத் திறந்த கிணற்றைத்தான். மேலே இருப்பவர்களுக்கு இறங்கும் வழி அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் படிக்கட்டுக்குள் எரிவாயுக் குழாயோ மின் பலகையோ கூடாது, சரக்கறை படிக்குள் நேராகத் திறக்கக் கூடாது என்று விதி சொல்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மின்வாரிய மீட்டரும் மெயின் போர்டும் படிக்கு அடியில். இன்வெர்ட்டரும் பேட்டரியும் படிக்கு அடியில். மின் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடுவதும் அங்கேதான். மீனவர் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே: வெளிப்பொருத்து இன்ஜின், அதற்கான மண்ணெண்ணெய் கேன், நைலான் வலை, தெர்மோகோல் பெட்டி. வீட்டில் எளிதில் பற்றுவதும் அதிகம் புகைவதும் எதுவோ அது முழுவதையும் தப்பும் ஒரே வழிக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். நைலான் வலை எரிந்தால் உருகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடமும் பற்றும். தெர்மோகோலின் கரும்புகையில் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்காது. வலைக்கும் எண்ணெய்க்கும் வாசலுக்கு வெளியே தனியாக ஒரு தகரக் கொட்டில் போதும். மெயின் போர்டைப் போர்ட்டிகோ சுவருக்கு மாற்றுவது வயரிங் போடும்போது செலவில்லாத வேலை, பிறகு என்றால் செலவு. ஏற்கெனவே அங்கே இருந்து மாற்ற முடியவில்லை என்றால் மற்றதையாவது எடுத்துவிடுங்கள். தீப்பொறி விழுந்தாலும் பற்ற எதுவும் இருக்கக் கூடாது.

புகை வெளியே போகவும் வழி வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய படிக்கு ஒவ்வொரு லேண்டிங்கிலும் அரை சதுர மீட்டர் அளவுக்காவது திறக்கக்கூடிய ஜன்னல் வையுங்கள். அழகுக்காக அந்த இடத்தில் கண்ணாடிக் கல் பதித்து மூடிவிடுவது இப்போது பழக்கமாகி வருகிறது. வெளிச்சம் வரும், புகை போகாது. படிக்கட்டு விளக்கு ஒன்றை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள், ஹாலின் டி.வி.யைச் சேர்க்க மறக்காத எலக்ட்ரீஷியன் இதை மறந்துவிடுவார். லிஃப்ட் இருந்தால் அது தப்பும் வழிக் கணக்கில் வராது.

உப்புக்காற்று செய்யும் வேலை

அளவெல்லாம் சரியாகக் கட்டிய படியையும் இந்தக் கரை பதினைந்து இருபது ஆண்டில் சாப்பிட்டுவிடும். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என எந்த ஊரில் பார்த்தாலும் படியின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரியும். காற்றிலும் மணலிலும் தண்ணீரிலும் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடித்துக் கொட்டுகிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 கடலோரக் காற்றுக்கு உட்பட்ட இடத்தைக் கடுமையான சூழல் என்கிறது. அங்கே கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), எம் 30 தரக் கான்கிரீட், ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டுக்குக் குறையாமல், தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மிகாமல். அலைத்துளி நேராகப் படும் இடம் என்றால் கவர் 50, தரம் எம் 35. நடைமுறையில் படிக்குக் கவர் கட்டையாக ஒரு துண்டு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகுகிறார்கள். அது 20 வந்தாலே பெரிது. 45 கவருக்குப் படிகளைத் தாங்கும் கான்கிரீட் சாய்தளம் 5 இன்ச் கனம் போதாது, 6 இன்ச்சாவது வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். தண்ணீர் இன்னொரு வில்லன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கரையோரப் போர்வெல் பலவற்றில் வாயில் வைத்தாலே கரிக்கும். அதை ஊற்றிக் கலந்தால் கடல் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை, முதல் நாளே உள்ளே இருக்கிறது. கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கம்பி கட்டும்போது ஒரே ஒரு இடத்தை நின்று பாருங்கள். சாய்தளம் ஏறிப்போய் மேல் லேண்டிங்கைச் சேரும் மூலையில், அடிக்கம்பியை அந்த மடிப்போடு மடிப்பாக வளைத்துக் கொண்டுபோகக் கூடாது. பாரம் வரும்போது கம்பி நேராக நிமிரப் பார்க்கும், அடிக்காரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சாய்வுக் கம்பி நேராகப் போய் லேண்டிங்கின் மேல்பக்கம் ஊன்ற வேண்டும், லேண்டிங்கின் அடிக்கம்பி தனியாக வந்து அதைக் குறுக்கே கடந்து சாய்தளத்தின் மேல்பக்கம் ஏற வேண்டும். கீழ் மூலைக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெளியே இரும்புப் படி வைப்பவர்கள் ஏராளம். அவசர வெளிப்படி என்று கணக்கில் வர வேண்டுமானால் அது நேர்ப்படியாக 1.25 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சுருள்படி 9 மீட்டர் உயரத்துக்குள், கொஞ்சம் பேர் மட்டும் புழங்கும் இடத்துக்கு மட்டும், விட்டம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வைக்கும் மூன்றடிச் சுருளை இதில் சேர்க்க முடியாது. இரும்பு என்றால் வெல்டிங் முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது வேண்டும், ஜி.ஐ. (ஏற்கெனவே துத்தநாகம் பூசிய) குழாயை வாங்கித் தளத்தில் வெல்டு வைத்தால் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு சரியாக அங்கேதான் பிடிக்கும். முதலில் போவது அடித்தகடும் நங்கூர போல்ட்டும், ஏனென்றால் மழைநீர் தேங்குவது அங்கே. எஸ்.எஸ். கைப்பிடியில் மலிவான 202 தரத்தைத் தள்ளிவிடுவார்கள். ஓராண்டில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் படரும். 304 பரவாயில்லை, கடல் பார்த்த பக்கத்துக்கு 316. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை கைப்பிடியைப் பிடித்து முழு உடம்பின் பாரத்தையும் போட்டு இழுத்துப் பாருங்கள். ஆடினால் அது கைப்பிடி இல்லை, அலங்காரம்.

இறங்க முடியாத நாள்

இதுவரை எல்லாம் கீழே போவதைப் பற்றியே. தீ என்றால் அதுதான் சரி. புகை மேலே போகும் என்பதால் மொட்டைமாடிக்கு ஓடுவது கடைசி வழி. ஆனால் இந்தக் கரைக்கு இன்னொரு எதிரி உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இரவோடு இரவாகக் கொண்டுபோனது காற்றோடு சேர்ந்து வந்த கடல்நீர். புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுவதே முறை. போக முடியாமல் மாட்டிக்கொண்டவருக்குத் தப்பும் வழி மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது.

இந்த ஒரு காரணத்தால் மொட்டைமாடிக் கதவும் தப்பும் வழியின் கண்ணிதான். தொட்டியில் யாரும் எதையும் போட்டுவிடக் கூடாது, பிள்ளைகள் பட்டம் விடப் போகக் கூடாது என்று லாட்ஜ்காரர் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அலுவலக மேசையில் வைத்திருப்பார். மேசை இருப்பது தரைத்தளத்தில், தண்ணீர் முதலில் வரும் இடத்தில். அந்தப் பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் பெரிய நாதாங்கி ஒன்றைப் போடுங்கள், பெரியவர் கைக்கு எட்டுகிற, சின்னப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். தண்ணீர்த் தொட்டி மூடிக்கு வேண்டுமானால் தனியாகப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம்.